புள்ளியைச் சுழியாக்கும் கணக்கு

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலை நேராக ஏறுவதில்லை. இடப்புறம் திரும்பும், சற்றே ஏறி வலப்புறம் வளையும், மீண்டும் இடப்புறம் நெளியும். நேரே ஏறினால் தொலைவு குறையுமே என்று கருதுபவன் மலையை அறியாதவன். சரிவின் இயல்பறிந்து வழி வகுத்தவனே கடுக்காயும் புளியும் சுமந்து நடப்பவனின் மூச்சிரைப்பைக் குறைத்தவன் ஆவான். தொலைவு மட்டுமன்று, வழியின் ஒழுங்கும் உழைப்பைக் கூட்டும், குறைக்கும்.

அந்த மலைவழியையே ஒத்த நெளிவழி ஒன்று, இன்று கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நிற்கும் ஒவ்வொருவன் கையிலுள்ள பேசியிலும் நொடிக்கு இலக்கக்கணக்கான முறை நடந்துகொண்டிருக்கிறது. காணொளி ஒன்றைச் சுருக்கி அனுப்புவதற்கும் விரித்துக் காட்டுவதற்கும் எண்களை எந்த வரிசையில் எடுப்பது என்னும் கணக்கே அது. அதனைத் தமிழில் சொல்ல முடியாது என்பார் ஒரு சாரார். அதனை முன்னோர் என்றோ சொல்லிவிட்டனர் என்பார் மறுசாரார். இருவருமே அதனைக் கற்றவர் அல்லர். கற்காமையால் தமிழுக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதைத் தமிழுணர்வாளர் அறிதல் வேண்டும். ஏனெனில், அந்தக் கணக்கின் ஓரத்தில் தமிழெழுத்தின் புள்ளியே அழிந்துபோகக் காத்திருக்கிறது.

படம் எண்ணாகும் வகை

திரையில் தெரியும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்று புள்ளிகளை அடுக்கினால் ஒரு படத்திற்கு 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க, பைட்டு என்று வழங்கும் அலகில் மூன்று வேண்டும். நொடிக்கு 25 படங்கள் ஓடினால் 15,55,20,000 பைட்டுகள். இரண்டு மணிநேரத் திரைப்படம் ஒன்று ஏறத்தாழ 1,11,974 கோடி பைட்டுகளாகப் பெருகி நிற்கும். டிவிடி என்னும் ஒற்றையடுக்கு வட்டின் கொள்ளளவோ 470 கோடிதான். அப்படியே வைத்தால் ஒரு படத்திற்கு 239 வட்டுகள் வேண்டும். ஆயினும் ஒரே வட்டில் முழுப்படமும் அடங்கியதை ஊரறியும். அடங்கியது மாயத்தால் அன்று, கணக்கால்.

அடுத்தடுத்த படங்களுக்கிடையே மாறாத பகுதிகளை மீண்டும் அனுப்பாமல் விடுவது அக்கணக்கின் ஒரு கூறு. எஞ்சியதைச் சுருக்குவது மற்றொரு கூறு. இரண்டாவதே இங்குக் கருதத்தக்கது.

படத்தை எட்டுக்கு எட்டு என்ற அளவில் சிறு கட்டங்களாக வெட்டுவர். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள், 64 எண்கள். அவ்வெண்களை உருமாற்றம் என்னும் கணக்கிற்கு உட்படுத்தினால் வேறு 64 எண்கள் கிடைக்கும். இவையே உருமாற்றக் கெழுக்கள். முதற்கெழு அக்கட்டத்தின் ஒட்டுமொத்த வெளிச்சத்தைச் சொல்லும். அதனை அடுத்தவை மெல்ல மாறும் நிழலையும் ஒளியையும் சொல்லும். வலப்புறமும் கீழ்ப்புறமும் செல்லச் செல்ல, விரைந்து மாறும் நுண்கோடுகளையும் ஓரங்களையும் சொல்லும் கெழுக்கள் நிற்கும். வானம், மலைச்சரிவு, மாந்தர் முகம் போன்ற இயற்கைக் காட்சிகளில் மாற்றம் பெரும்பாலும் மெல்லவே நிகழும். ஆகலின் இடப்புற மேல்மூலையில் உள்ள சில கெழுக்களே பெரியனவாக இருக்கும். ஏனையவை சிறுத்துப்போகும். அடுத்து, ஒவ்வொரு கெழுவையும் ஓர் எண்ணால் வகுத்து அருகிலுள்ள முழுவெண்ணாக்குவர். சிறியவை அனைத்தும் சுழியாகிவிடும்.

வரிசையே சிக்கனம்

இனித்தான் வரிசையின் அருமை விளங்கும். கட்டத்தின் மேல்மூலையில் ஆறு கெழுக்கள் மட்டும் எஞ்சின என்று கொள்க: முதல் வரியில் மூன்று, இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றாம் வரியில் ஒன்று. பொத்தகம் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தால் என்ன நேரும்? மூன்று எண்கள், பின்னர் ஐந்து சுழிகள், இரண்டு எண்கள், பின்னர் ஆறு சுழிகள், ஓர் எண், அதன்பின் 47 சுழிகள். பதினேழாம் இடம் வரை நடந்தால்தான் ஆறாவது எண் கைக்கு வரும். இடையிடையே எத்தனை சுழிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மலைவழிபோல் நெளிந்து படித்தாலோ? முதலில் மூலை, அதன் வலப்புறம், பின்னர்க் கீழிறங்கி இடப்புறம், அதற்கும் கீழ், பின்னர்ச் சாய்வாக மேலேறி முதல் வரிக்கு. இவ்வாறு ஆறு அடி வைப்பதற்குள் ஆறு எண்களும் வந்துவிடும். எஞ்சிய 58 இடங்களும் சுழிகள். 'இனி ஒன்றுமில்லை' என்று ஒரே குறியால் முடித்துவிடலாம். எண் ஒன்றையும் மாற்றவில்லை. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. எடுக்கும் வரிசையை மட்டும் மாற்றினர். செலவு குறைந்தது. இதனை நெளிவரிசை எனலாம். சென், பிராட்டு என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வரிசையும், சுழித்தொடரை எண்ணிக்கையால் குறிக்கும் முறையும் ஒருங்கே இடம்பெற்றன. 1992-இல் வந்த சேபெக் என்னும் நிழற்பட முறையும், 1993-இல் வந்து விசிடி வட்டுகளை ஊரூராகக் கொண்டுசென்ற எம்பெக்-1 முறையும் இந்நெளிவரிசையையே மேற்கொண்டன.

வரிசை ஒன்றே எல்லாவற்றிற்கும் பொருந்துமா? பொருந்தாது. தொலைக்காட்சிப் படத்தை ஒற்றைவரிகளாகவும் இரட்டைவரிகளாகவும் இருமுறை பிரித்து எடுக்கும் வழக்கம் இருந்தது. அப்படத்தில் அசைவு மிகுந்தால் மேலிருந்து கீழான மாற்றம் கூடுதலாகும். அதற்கென எம்பெக்-2 முறை, 1995-இல், செங்குத்தாக முன்னதாக இறங்கும் மாற்றுவரிசை ஒன்றையும் ஏற்றது. 2013-இல் வந்த எச்.இ.வி.சி. முறையோ கட்டங்களை நாலுக்கு நாலு சிறுகட்டங்களாகப் பகுத்தது. சாய்வரிசை, கிடைவரிசை, செங்குத்துவரிசை என மூன்றை வைத்தது. படத்தின் ஒரு பகுதியை அதன் அண்டைப் பகுதியிலிருந்து கிடைவாக்கில் முன்கணித்திருந்தால் சிறிய கட்டங்களுக்குச் செங்குத்து வரிசை, மேலிருந்து கீழாக முன்கணித்திருந்தால் கிடைவரிசை, பிறவற்றிற்குச் சாய்வரிசை.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. வரிசைகள் பல இருந்தால் எந்த வரிசை என்பதையும் சொல்லியனுப்ப வேண்டுமே? சொல்வதற்கும் செலவு உண்டே? மிச்சப்படுத்தியதைச் சொல்லுக்கே செலவிட்டால் பயன் என்ன? ஆகலின், இருபுறத்தாரும் முன்னரே அறிந்த ஒன்றிலிருந்து, அதாவது முன்கணிப்பின் திசையிலிருந்தே, வரிசையையும் அறிந்துகொள்ளுமாறு வகுத்தனர். சொல்லாமலே விளங்குவதைச் சொல்லாது விடுதல் அது. தொகைநிலைத் தொடர்களில் உருபு மறைந்து நின்று பொருள் தருவதை அறிந்த தமிழ் மாணவனுக்கு இதனை விளக்க நெடுநேரம் ஆகாது.

யார் கண்டது?

இக்கணக்கின் அடித்தளம் வெள்ளையர் மட்டுமே கட்டியது என்று எண்ணுவார் உளர். 1974-ஆம் ஆண்டு சனவரியில் நான்கே பக்க அளவில் வெளிவந்த கட்டுரை ஒன்று இவ்வுருமாற்றத்தை உலகுக்கு அறிவித்தது. அதனை எழுதியோர் மூவர். ஒருவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்கக் கான்சாசு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது. மற்றொருவர் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த நடராசன். மூன்றாமவர் 1952-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர்த் தெக்சாசு மாநிலத்தின் ஆர்லிங்டனில் பேராசிரியராக விளங்கி, 2021-இல் மறைந்த கே.ஆர். இராவ்.

அகமது 1972-இல் இவ்வாய்வுக்கு அமெரிக்க அரசின் அறிவியல் அமைப்பிடம் பொருளுதவி கேட்டார். கிட்டவில்லை. கருத்து மிகவும் எளிதாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறித்ததாக அவர் 1991-இல் எழுதினார். எளிது என்று தள்ளப்பட்டதே உலகின் படங்களையெல்லாம் சுமக்கிறது.

இம்மூவருள் ஒருவர் சென்னையில் படித்தார் என்பதற்காகத் தமிழர் மார்தட்டுவதில் பொருளில்லை. அவர் கிண்டியில் கற்றதும் ஆங்கிலத்தில், எழுதியதும் ஆங்கிலத்தில். கிண்டிக் கல்லூரியை உள்ளடக்கிய அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது 2010-இல். அதுவும் கட்டுமானம், எந்திரவியல் என்னும் இரு துறைகளில். கட்டுரை வந்து 36 ஆண்டுகள் கழித்து! வெட்கப்பட வேண்டியது அந்த இடைவெளிக்கே.

அதே 1974-இல் தமிழகத்தில் மற்றொரு பெருவேலையும் தொடங்கியது. பாவாணரை இயக்குநராகக் கொண்ட செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டமே அது. ஒருபுறம் படத்தின் வேரெண்களைக் காணும் முயற்சி. மறுபுறம் சொல்லின் வேரைக் காணும் முயற்சி. ஒன்று உலகமெங்கும் பரவி அன்றாட வாழ்வில் கலந்தது. மற்றொன்றை அலமாரியில் பூட்டிவைத்துத் தமிழர் மாலை அணிவித்து வணங்குகின்றனர். வேர் காண்பது வணங்குவதற்கன்று, புதுத்தளிர் விடுவதற்கே.

பொய்ப்பெருமை வேண்டா

தொல்காப்பியர் நூலின் உறுப்புகளைச் சொல்லுமிடத்து, ஓரினமானவற்றை ஓரிடத்தே தொகுத்து வைப்பதை ஓத்து என்று வரையறுத்தார். வைப்புமுறை என்பது தமிழ் இலக்கண மரபின் உயிர்நாடி. எழுத்து, சொல், பொருள் என்று அடுக்கியதிலேயே முன்னது பின்னதற்குத் துணையாகும் ஒழுங்கு உண்டு. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை ஆக்கி அகரவரிசையில் சொற்களை நிறுத்தியபோது, நிகண்டு நூற்பாக்களை மனப்பாடம் செய்யாதவனும் சொல்லைத் தேடிக் கண்டடைய முடிந்தது. சொற்கள் அவையே; வரிசை மாறியது; உழைப்புக் குறைந்தது.

இவற்றைக் காட்டி 'காணொளிச் சுருக்கத்தைத் தொல்காப்பியரே கண்டார்' என்று மேடையில் முழங்குவோர் தமிழுக்குப் பகைவர் என்றே கொள்ளல் வேண்டும். தொல்காப்பியர் கெழுவைக் கணக்கிட்டாரல்லர். வைப்புமுறையின் அருமை தமிழ் மாணவனுக்குப் புதியதன்று என்பது மட்டுமே உண்மை. அவ்வுண்மை போதும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஏற அதுவே படிக்கட்டாகும். படிக்கட்டையே மாடி என்று கூறி அங்கேயே அமர்ந்துவிடுவது சோம்பல்.

ஓலையில் போன புள்ளி

இனிப் புள்ளிக்கு வருவோர் சற்றே ஓலைச்சுவடிக் காலத்தை நினைவுகூர வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகவே எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே விட்டனர். குறிலா நெடிலா என்பதும் பலவிடங்களில் மயங்கியது. படிப்பவனே இடமறிந்து புள்ளியிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. உ.வே. சாமிநாதரும் பிறரும் சுவடிகளைப் பதிப்பித்தபோது, ஒரு சொல்லைத் தெளிவதற்கு எத்தனையோ ஏடுகளை ஒப்புநோக்கினர். அவர்கள் அரும்பாடுபட்டுப் புள்ளியை மீட்டனர். அச்சு வந்தது, புள்ளி நிலைத்தது.

இன்று அப்புள்ளிக்கு மீண்டும் இடையூறு வந்துள்ளது. இம்முறை ஓலையால் அன்று, கணக்கால். மேலே சொன்ன உருமாற்றமும் வரிசையும் இயற்கைக் காட்சிகளின் இயல்பை நம்பி வகுக்கப்பட்டவை. வானமும் முகமும் மெல்ல மாறும். எழுத்தோ அவ்வாறு மாறுவதன்று. வெண்மைக்கு நடுவே கருமை திடுமெனத் தொடங்கித் திடுமென முடியும். கரும்பலகைச் சுண்ணக்கோடும் அவ்வாறே. திடீர் மாற்றத்தைச் சொல்லும் கெழுக்கள் வரிசையின் பின்பகுதியில் நிற்பவை. படத்தைக் கடுமையாகச் சுருக்கும்போது முதலில் சுழியாக்கப்படுபவையும் அவையே. எழுத்தின் ஓரங்களில் கலங்கல் நீர்போன்ற நிழல் படியும். நுண்ணிய உறுப்புகள் கரையும். தமிழெழுத்தில் மிக நுண்ணிய உறுப்பு எது? புள்ளியே.

புள்ளி போனால் 'கல்' என்பது 'கல' ஆகும். 'கண்' என்பது 'கண' ஆகும். 'மலர்' என்பது 'மலர' ஆகும். ஆங்கில எழுத்தின் ஓரம் சற்றே மங்கினாலும் அவ்வெழுத்து அதுவாகவே நிற்கும். தமிழில் ஒரு புள்ளி மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். கணக்கிடும் பொறிக்கு அஃது ஒரு சிறு கெழு. கற்கும் குழந்தைக்கோ அஃது ஒரு சொல்லின் உயிர்.

மலையில் மெலிந்த இழை

இது வெற்றச்சமன்று. தமிழக அரசு 2019-இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமெல்லாம் காணொளியாயிற்று. தொலைக்காட்சி இல்லாத வீடுகள் பேசியை நம்பின. சமவெளியில் அலை வலுவாகக் கிடைத்தது. மலைகளிலோ பாறையும் காடும் அலையை மறிக்கும், கோபுரங்களும் குறைவு. இழை மெலிந்தால் படம் தானே தாழ்தரத்திற்கு இறங்கும். அதாவது, கெழுக்கள் மேலும் மிகுதியாகச் சுழியாக்கப்படும்.

கல்வராயன் மலையின் ஓர் ஊரில், பாறைமேல் ஏறி நின்று அலை தேடும் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. அவள் மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவள். பெயர் அவ்வாறிருப்பினும் வீட்டில் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவள் குடியினர் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அவள் கையிலுள்ள சிறுதிரையில் ஆசிரியரின் முகம் ஓரளவு தெரிகிறது. பின்னால் உள்ள வண்ணப்பூ வேலைப்பாடு அசைகிறது. பலகையில் எழுதிய இலக்கணமோ கலங்கிக் கிடக்கிறது. ஆசிரியர் நடத்துவது மெய்ம்மயக்கம். அவள் காண்பது எழுத்து மயக்கம்! யார் குற்றம்? குழந்தையின் குற்றமா? தமிழின் குற்றமா? எதனைச் சிறியது என்று வகுத்துச் சுழியாக்குவது என முடிவு செய்தவன், அவள் எழுத்தை நினையாமல் முடிவு செய்தான். அவனை நினைக்கச் செய்யும் கடமையுள்ளோர் வாளாவிருந்தனர்.

கல்வராயன் மலைமக்களுக்கு இது புதிதன்று. 1976 வரை அவர்கள் சாகீர்தாரர்களின் பிடியில் இருந்தவர்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்தே அம்மலைக்கு அப்பிடி நீங்கியது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். சாலை, மருத்துவம், பள்ளி, அலைக்கோபுரம் என எதனை எடுத்தாலும் மலை வரிசையின் கடைசியில் நிற்கும். பணம் குறையும்போது வகுத்துச் சுழியாக்கப்படுவது கடைசியில் நிற்பதே. எண்களை அவ்வாறு செய்தால் அது சிக்கனம். மக்களை அவ்வாறு செய்தால் அது கொடுமை.

செய்ய வேண்டுவன

எழுத்தின் சிக்கலைப் பிறர் உணராமல் இல்லை. திரையில் எழுத்தும் வரைவும் மிகுந்த படங்களுக்கெனப் பொறியாளர் தனிவழி கண்டனர். சில கட்டங்களுக்கு உருமாற்றமே செய்யாமல் விடும் வழி 2013-ஆம் ஆண்டின் முறையிலேயே இடம்பெற்றது. சில நிறங்களை மட்டும் பட்டியலிட்டு எண்ணால் சுட்டும் வழி 2016-இல் அதனோடு சேர்க்கப்பட்டது. 2020-இல் வந்த அடுத்த முறையில் இத்தகைய கருவிகள் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. உருமாற்றம் இல்லாத கட்டத்தில் பெரியவை மேல்மூலையில் திரள்வதில்லை. அங்கு வரிசை பற்றிய எண்ணமே மாற வேண்டும். ஆக, எழுத்துக்காகக் கணக்கை வளைக்க முடியும், வளைத்தும் காட்டினர். தமிழெழுத்தின் புள்ளியும் சுழியும் கொம்பும் அக்கணக்கில் எவ்வாறு நிற்கின்றன என்று அளந்து பார்ப்பது தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளின் வேலை. வேறு யாரும் வந்து செய்துதர மாட்டார்.

அது நெடுநாள் வேலை. இன்றே செய்யத்தக்கவையும் உள. பாடக்காணொளி எடுப்போர் எழுத்தைப் பெரிதாக இட வேண்டும். புள்ளியை எழுத்தோடு ஒட்டாமல் அழுத்தமாக இட வேண்டும். வெளிர்நிலத்தில் கருமை அல்லது கருநிலத்தில் வெண்மை என்று தெளிவாக வைக்க வேண்டும். பின்புறத்தில் அசையும் ஒப்பனைகளை ஒழிக்க வேண்டும். அசையும் ஒப்பனை ஒவ்வொன்றும் எழுத்துக்கு உரிய பங்கைத் தின்றுவிடும். வெளியிடுமுன் மிகத் தாழ்ந்த தரத்தில் சிறுதிரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். புள்ளி தெரிந்தால் வெளியிடுக. தெரியாவிடில் மீண்டும் எடுக்க. இதற்குப் பொருட்செலவு இல்லை. அக்கறை ஒன்றே செலவு.

'பொறியாளர் ஆங்கிலத்தில் அறிந்தால் போதாதா? தமிழில் எதற்கு?' என்பார்க்கு விடை இதிலேயே உண்டு. எழுத்தின் அளவை முடிவு செய்பவர் பொறியாளர் அல்லர். பாடம் நடத்தும் தமிழாசிரியர். அவருக்கு இக்கணக்கின் போக்கு விளங்கியிருந்தால் புள்ளி பிழைக்கும். அவருக்கு விளங்கும் மொழி தமிழ். ஆகலின் இவ்வறிவு தமிழில் வருதல் அணிகலன் அன்று; தேவை.

அதற்குச் சொல் வேண்டும். 1916-இல் சேலத்தில் இராசாசியும் நண்பர்களும் அறிவியற் சொல்லுக்கெனக் கழகம் கண்டனர். சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே நிற்பது இக்கல்வராயன் மலையே. நூறாண்டுக்கு மேலாகியும் ஒரே பொருளுக்கு ஊருக்கொரு சொல் வழங்குகிறது. தமிழகக் கணக்குப் பாடநூலில் கெழு. ஈழத்துப் பாடநூலில் குணகம். கெழுமுதல் என்றால் பொருந்துதல், கூடுதல். மாறியோடு கூடி நிற்கும் எண்ணைக் கெழு என்றது பொருத்தத்திலும் பொருத்தம். வேர் தமிழாக இருப்பதோடு பொருளும் தானே விளங்குகிறது. இத்தகைய சொல் கையில் இருக்கும்போது வடசொல் எதற்கு? உருமாற்றம், கெழு, அலைவெண், படப்புள்ளி, நெளிவரிசை, சுழித்தொடர் என்று சொற்களை ஒருமுறை முடிவு செய்து, எல்லா நாட்டுத் தமிழரும் ஒன்றுபோல் வழங்குதல் வேண்டும். ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பார்த்துச் சொல்லாக்குபவன் தோற்பான். பொருளைக் கண்டு சொல்லாக்குபவனே வெல்வான். பொருளைக் காண வேண்டுமாயின் முதலில் அதனைக் கற்க வேண்டும். கல்லாமல் சொல்லாக்குவோர் பெருகியதே தூய தமிழ்ச்சொற்கள் நிலைக்காமைக்குக் கரணியம்.

கற்பிக்கப் பெருங்கருவி வேண்டா. வகுப்பறைத் தரையில் எட்டுக்கு எட்டுக் கட்டம் வரைக. மேல்மூலையின் ஆறு கட்டங்களில் புளியங்கொட்டை வைக்க. ஒரு மாணவன் வரிவரியாக நடந்து எண்ணட்டும். மற்றொருத்தி நெளிவழியில் நடந்து எண்ணட்டும். அவன் பதினேழு அடி வைப்பான். அவள் ஆறு அடியில் முடிப்பாள். ஏன் என்று கேட்க. வெள்ளிமலைப் பிள்ளைக்கு அவ்வழி நன்கு தெரியும். அவள் நாள்தோறும் நடக்கும் வழி அது. அவளுக்குத் தெரிந்த மலைவழியே உலகின் படங்களைச் சுமக்கும் வழியும் என்று உணர்ந்த அன்று, அறிவியல் அவளுக்கு அயலாகத் தோன்றாது.

அவளே நாளை பொறியாளராகி, எழுத்துக்கு உரிய வரிசையை வகுக்கக்கூடும். அதற்குமுன் அவள் திரையில் 'கல்' என்பது கல்லாகவே தெரிதல் வேண்டும். ஓலையில் போன புள்ளியை முன்னோர் மீட்டுத் தந்தனர். திரையில் போகும் புள்ளியைக் காப்பது இன்றுள்ளோர் கடமை. மொழியுரிமை பேசும் தமிழர் தம் மொழியின் மிகச்சிறிய உறுப்பைக் காக்கும் கணக்கையும் கற்பாராக! வரிசையின் கடைசியில் நிற்போரை முன்னே நிறுத்துவாராக!